மெயிலை இறக்காமல் சர்வரிலேயே கழிக்க ஒரு லேசான மென்பொருள்

கேள்வி இதுதான். 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், அதில் லினக்ஸ் மின்ட். அலுவலக மெயில் கணக்கு, இணையதளத்தோடு சேர்த்து ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்தது. 5 ஜிபி இடத்தில் 4.9 ஜிபி நிரம்பிவிட்டது, சுமார் 9,000 மெயில்கள். இணையம் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாகத்தான். அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அது எல்லா மெயிலையும் இறக்கத் தொடங்கி, அரை மணி நேரத்தில் டேட்டாவைத் தீர்த்துவிட்டது. மெயில்களை இறக்காமல், சர்வரில் உள்ள பட்டியலை மட்டும் பார்த்து, வேண்டாததை அங்கேயே அழிக்கக் கனமில்லாத ஒரு மென்பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு என் முதல் தேர்வு ஆல்பைன். வெறும் எழுத்துத் திரையில் வேலை செய்யப் பிடிக்காது என்றால் கிளாஸ் மெயில். இரண்டும் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும், இலவசம். ஆனால் நிறுவியவுடன் டெலீட் அழுத்தத் தொடங்கிவிடாதீர்கள். நிரம்பிய பெட்டியில் அழிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் 'லேசான' என்ற சொல்லைப் பற்றி. மென்பொருள் எத்தனை எம்பி, எவ்வளவு ராம் பிடிக்கும் என்றுதான் பொதுவாகப் பார்ப்போம். அதுவும் முக்கியம்தான். ஆனால் உங்களுக்கு வலிக்கும் இடம் லேப்டாப் அல்ல, இணையத் தொடர்பு. 3 எம்பி அளவுள்ள மென்பொருள் ஒவ்வொரு மெயிலையும் முழுதாக இழுத்துக்கொண்டு வந்தால், உங்களுக்கு அதுதான் கனமானது. ஆகவே நான் பார்ப்பது, அந்த மென்பொருள் சர்வரிடம் என்ன கேட்கிறது என்பதை. ஒரு மெயிலின் அனுப்புநர், பொருள், தேதி, அளவு ஆகிய விவரங்கள் மட்டும் என்றால் தாராளமாக 1 கேபி என்று வைத்துக்கொள்ளலாம். 9,000 மெயிலுக்கு 9 எம்பி. உங்கள் இறங்கிப்போன 64 கேபிபிஎஸ் வேகத்தில்கூட 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். முழு 4.9 ஜிபியையும் அதே வேகத்தில் இறக்க, இரவும் பகலும் விடாமல் ஓடினாலும் 7 நாள் ஆகும். உங்கள் பிரச்சினையும் தீர்வும் இந்த இரண்டு கணக்குக்கு நடுவில்தான் இருக்கிறது.

விவரத்தை மட்டும் கேட்டு வாங்க முடியுமா என்பது, கணக்கு பாப் முறையில் இருக்கிறதா, ஐமேப் முறையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாப் என்பது தபால் நிலையத்துக்குப் போய் நம் பையை வாங்கிக்கொண்டு வருவது போல. எடுத்து வந்தபின் வீட்டில் வைத்துப் படிக்க வேண்டியது. ஐமேப்பில் கடிதம் தபால் நிலையத்திலேயே இருக்கும். நாம் அங்கே போய்ப் பிரித்துப் பார்க்கலாம், வேறு அலமாரியில் அடுக்கலாம், கிழித்துப் போடலாம். மார்க் கிரிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் இதை உருவாக்கியபோது இருந்த எண்ணமே அதுதான்: மெயில் சர்வரில் இருக்கட்டும், தேவையான துண்டை மட்டும் கேட்டு வாங்குவோம். நீங்கள் கேட்பதற்காகவே பிறந்தது என்று சொல்லலாம். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பிய விவரத்தில் 993 என்ற போர்ட் எண் இருந்தால் ஐமேப் இருக்கிறது. 995 மட்டும் இருந்தால் பாப். இன்று அனேகமாக எல்லா ஹோஸ்டிங்கிலும் இரண்டுமே இருக்கும்.

பாப்பிலும் பட்டியல் மட்டும் பார்த்து அழிக்க வழி உண்டு. சர்வரிடம் ஒவ்வொரு மெயிலின் அளவைக் கேட்கலாம், தலைப்பகுதியை மட்டும் கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம். சில்ஃபீட் என்ற சின்ன மென்பொருளில் இதற்கென்றே 'ரிமோட் மெயில்பாக்ஸ்' என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. ஆனால் பாப்புக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு ஃபோல்டர் கண்ணுக்கே தெரியாது. உங்கள் 4.9 ஜிபியில் பாதி 'சென்ட்' ஃபோல்டரில் இருந்தால் பாப் வழியே அதைத் தொடக்கூட முடியாது. இன்னொன்று, பாப்பில் அழிக்கச் சொன்ன மெயில்கள், முறையாக விடைபெற்றுக்கொண்டு வெளியேறும்போதுதான் உண்மையில் அழியும். நடுவில் ஹாட்ஸ்பாட் அறுந்தால் அதுவரை குறித்தது எல்லாம் குறிக்காததுபோல் ஆகிவிடும். மெயில் தொலையாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறுந்து அறுந்து வரும் தொடர்பில் செய்த வேலையையே திரும்பச் செய்ய வைக்கும். எனவே ஐமேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்டர்பேர்டு ஏன் அப்படிச் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலருக்கு அதைச் சரிசெய்தாலே போதும். ஐமேப் கணக்கு சேர்த்ததும், இணையம் இல்லாதபோதும் படிக்கலாமே என்று, எல்லா ஃபோல்டரின் மெயில்களையும் கணினியில் பிரதி எடுத்து வைப்பது அதன் இயல்பான அமைப்பு. அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சின்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ்' பக்கத்தில் முதலில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் அது தலைப்பகுதிகளை மட்டும் கொண்டுவரும், மெயிலைத் திறந்தால்தான் உள்ளடக்கத்தை இறக்கும். 4 ஜிபி, 8 ஜிபி ராம் இருக்கும் கணினி என்றால் நான் இதோடு நிறுத்தியிருப்பேன். 2 ஜிபியில் பிரவுசரும் தண்டர்பேர்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் லேப்டாப் திணறும், அதனால்தான் வேறு வழி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தண்டர்பேர்டு அரை மணி நேரம் இறக்கியதே, அது பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். அது சர்வரின் நிழல். சர்வரில் ஒரு மெயிலை அழித்தால், தண்டர்பேர்டு அடுத்த முறை தொடர்புகொள்ளும்போது இங்கேயும் அழிந்துவிடும். மொபைலில் இதே கணக்கு இருந்தால் அதிலும் போய்விடும். உண்மையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதற்குள் நகல் எடுத்தால்தான் அது உங்களுடையது. இந்த வேறுபாடு தெரியாமல் எனக்கு நெருக்கமான ஒருவர் மூன்று வருட அலுவலகக் கடிதங்களை இழந்தார். கணினியில் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் மொபைலில் உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை கணினியைத் திறந்ததும் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. அதனால்தான் இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது ஆல்பைன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய பைன் என்ற மென்பொருளின் வாரிசு இது. 2007இல் ஆல்பைன் என்ற பெயரில் வந்தது. ஐமேப்பை உருவாக்கிய கிரிஸ்பினும் அதே பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். சர்வரோடு பேசும் பகுதியை அவரே எழுதினார். அதனால்தானோ என்னவோ, சர்வரிடம் எவ்வளவு குறைவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கேட்கும் பழக்கம் இதன் ரத்தத்தில் இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் 9,000 தலைப்பையும் அள்ளி வராது. திரையில் தெரியும் பக்கத்துக்கும் அதை ஒட்டிய கொஞ்சத்துக்கும் மட்டும் விவரம் கேட்கும். ஒரு மெயிலைத் திறந்தால் அதன் எழுத்துப் பகுதியை மட்டும் வாங்கும். 12 எம்பி பிடிஎஃப் ஒட்டியிருந்தால், 'இப்படி ஒன்று இருக்கிறது, இவ்வளவு அளவு' என்று காட்டும். நீங்கள் கேட்காமல் அது கீழே வராது. இதைத்தான் நான் லேசானது என்கிறேன். எழுத்துத் திரை மென்பொருள்களில் மட் என்பதும் பெயர் பெற்றது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஃபோல்டரின் எல்லாத் தலைப்புகளையும் முதலில் வாங்கிக்கொள்ளும், மெயிலைத் திறந்தால் அட்டாச்மென்ட்டோடு முழுதாக இறக்கும். உங்கள் தொடர்புக்கு ஆல்பைன்தான் பொருத்தம்.

அமைப்பது எளிது. டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் ஆல்பைனைத் திறந்து, முதல் திரையில் எஸ் அழுத்தி செட்டப், அதில் எல் அழுத்தினால் ஃபோல்டர் தொகுப்புகளின் பட்டியல் வரும். புதிதாக ஒன்றைச் சேர்த்து, சர்வர் என்று கேட்கும் இடத்தில் உங்கள் மெயில் சர்வரின் பெயர், ஒரு சாய்கோடு, எஸ்எஸ்எல், இன்னொரு சாய்கோடு, யூசர், சமக்குறி, உங்கள் முழு மெயில் முகவரி என இடைவெளி விடாமல் எழுதுங்கள். சேமித்துவிட்டு வெளியே வந்து திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும், சர்வரில் உள்ள ஃபோல்டர்கள் வரிசையாக வரும். ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கூகுள் 2022 மே மாதத்துக்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டை இத்தகைய மென்பொருள்களில் ஏற்பதில்லை. இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். உங்கள் ஹோஸ்டிங் கணக்குக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

சரி, எதை முதலில் அழிப்பது? பெரும்பாலானோர் இன்பாக்ஸில் விளம்பர மெயில்களைத் தேடி அழிக்கத் தொடங்குவார்கள். ஆயிரம் மெயில் அழித்தபின், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தால் பெரிதாக எதுவும் குறைந்திருக்காது, அதோடு மனம் விட்டுப்போகும். இடத்தைப் பிடிப்பது எண்ணிக்கை அல்ல, அட்டாச்மென்ட். மெயிலில் ஃபைல் அப்படியே போவதில்லை. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்பட்டுப் போகிறது. 9 எம்பி ஸ்கேன் பிரதி மெயிலுக்குள் 12 எம்பிக்கு மேல் ஆகிவிடும். அதை நீங்கள் ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்பியிருந்தால் உங்கள் சென்ட் ஃபோல்டரில் ஐந்து பிரதி, 60 எம்பி. அவர்களில் ஒருவர் அதை ஒட்டியபடியே திருப்பி அனுப்பியிருந்தால் இன்பாக்ஸில் இன்னொன்று. அலுவலகக் கணக்குகள் நான் பார்த்தவரை சென்ட் ஃபோல்டரால்தான் நிரம்புகின்றன, அங்கேதான் யாரும் எட்டிப்பார்ப்பதும் இல்லை. எனவே முதலில் சென்ட், அப்புறம் இன்பாக்ஸ்.

ஆல்பைனில் ஃபோல்டருக்குள் போய் $ அழுத்துங்கள், எதன்படி வரிசைப்படுத்த என்று கேட்கும். இசட் என்பது அளவு. பெரியது மேலே வரவேண்டுமென்றால் ஆர் சேர்த்துத் தலைகீழாக்கலாம். இங்கே உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஹோஸ்டிங் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது டவ்காட் என்ற மென்பொருள், அது வரிசைப்படுத்தும் வேலையைத் தானே செய்து கொடுக்கும். அதாவது 9,000 மெயிலின் அளவை உங்கள் லேப்டாப்புக்கு அனுப்பி இங்கே அடுக்க வேண்டியதில்லை. சர்வரே அடுக்கி எண்களின் வரிசையை மட்டும் அனுப்பும், சில பத்து கேபிதான். இந்த வசதிக்கான 2008ஆம் வருடத் தரநிர்ணயத்திலும் கிரிஸ்பினின் பெயர் இருக்கிறது. ஜிமெயில் இதைச் செய்து தருவதில்லை. அங்கே வெப்மெயிலின் தேடல் பெட்டியில் அளவைக் கொடுத்துத் தேடுவது சுலபம்.

வரிசை வந்ததும் முதல் இரண்டு மூன்று பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலான கணக்குகளில் முதல் 200 மெயில்களே பாதி இடத்தை எடுத்திருக்கும். ஒரு மெயில் என்னவென்று நினைவில்லையா, திறந்து பாருங்கள். முன்பு சொன்னதுபோல் எழுத்து மட்டும்தான் வரும். வேண்டாததில் டி அழுத்தினால் ஓரத்தில் டி என்று குறி விழும். தவறு என்றால் யு. மொத்தமாகக் குறிக்க அரைப்புள்ளி அழுத்தி, அளவையோ தேதியையோ கொடுத்துத் தேர்ந்தெடுத்து, பிறகு ஏ அழுத்தி எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை கொடுக்கலாம். இது வேகமானது, அதனாலேயே ஆபத்தானதும் கூட. முதல் நாள் ஒவ்வொன்றாகவே குறியுங்கள்.

குறி விழுந்தால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஐமேப்பில் அழிப்பது இரண்டு படி. முதலில் 'அழிக்க' என்று குறி. பிறகு குறித்தவற்றை அப்புறப்படுத்து என்று ஒரு தனிக் கட்டளை. ஆல்பைனில் அது எக்ஸ். அந்த இரண்டாவது கட்டளை போகும்வரை மெயில் சர்வரில் அப்படியே இருக்கும், இடமும் குறையாது. முந்நூறு மெயில் அழித்தேன், மீட்டர் அசையவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆல்பைன் ஃபோல்டரைவிட்டு வெளியேறும்போதும், குறித்த இத்தனையையும் அப்புறப்படுத்தவா என்று கேட்கும். பாப்பைப் போல இல்லாமல், இங்கே எக்ஸ் கொடுத்தது அந்தக் கணமே நடந்துவிடும். தொடர்பு அறுந்தாலும் செய்தது செய்ததுதான். ஆகவே ஐம்பது ஐம்பதாகக் குறித்து எக்ஸ் கொடுத்துக்கொண்டே போகலாம்.

தொடக்கத்தில் சொன்ன சிக்கல் இதையொட்டியது. தண்டர்பேர்டு, கிளாஸ் மெயில், மொபைல் ஆப்கள் எல்லாம் டெலீட் அழுத்தினால் மெயிலை அழிப்பதில்லை, டிராஷ் ஃபோல்டருக்கு மாற்றுகின்றன. பழைய சர்வர்களில் 'மாற்று' என்று நேரடிக் கட்டளை கிடையாது. அது ஐமேப்பில் 2013இல்தான் சேர்ந்தது. அது இல்லாத இடத்தில் மென்பொருள் என்ன செய்யும் என்றால், டிராஷில் ஒரு நகல் போட்டுவிட்டுப் பழையதை அழிக்கும். உங்கள் பெட்டியில் 100 எம்பிதான் மிச்சம். சிறு சிறு மெயில்களாக அழிக்கும்வரை தெரியாது. 20 எம்பி மெயில் பத்தை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால், நகல் போட இடமில்லை என்று சர்வர் மறுத்துவிடும். அழிக்கவே முடியாமல் போகும் இந்த நிலை பார்க்க விசித்திரமாக இருக்கும், காரணம் இவ்வளவுதான். நகல் போனாலும் டிராஷில் இருப்பதும் உங்கள் 5 ஜிபிக்குள்தான் கணக்காகும் என்பதால் ஒரு எம்பிகூட மிச்சமாகாது.

ஆல்பைனில் டி, எக்ஸ் இரண்டும் டிராஷ் பக்கமே போவதில்லை, நேரடி அழிப்பு. நிரம்பிய பெட்டிக்கு அது சரியான கருவி, அதே சமயம் திரும்ப எடுக்க வழியில்லாத கருவி. தண்டர்பேர்டிலும் சர்வர் செட்டிங்ஸில் அழிக்கும் முறையை மாற்றலாம், அல்லது ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட் அழுத்தலாம். எதில் செய்தாலும் முதல் வேலையாக டிராஷையும் ஸ்பேம் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். சில சமயம் அதிலேயே ஒரு ஜிபி கிடைத்துவிடும்.

கடிதம் வேண்டும், ஒட்டியிருக்கும் 12 எம்பி மட்டும் வேண்டாம் என்ற மெயில்கள் நிறைய இருக்கும். சர்வரில் உள்ள ஒரு மெயிலைத் திருத்த ஐமேப்பில் வழியில்லை. எந்த மென்பொருள் 'அட்டாச்மென்ட்டை நீக்கு' என்றாலும், நீக்கிய புதுப் பிரதியை ஏற்றிவிட்டுப் பழையதை அழிப்பதுதான் உள்ளே நடக்கிறது. பல மென்பொருள்கள் இதற்காக முழு மெயிலையும் கீழே இறக்கும். ஆல்பைனில் அட்டாச்மென்ட் பட்டியலைத் திறந்து, வேண்டாததில் டி குறித்து, மெயிலுக்குத் திரும்பி வந்து எஸ் அழுத்தி வேறொரு ஃபோல்டரில் சேமித்தால் அது இல்லாமல் சேமிக்கும். பிறகு மூல மெயிலை அழித்துவிடலாம். ஆனால் நேரம் பிடிக்கும் வேலை. பில், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

தமிழ் மெயில்கள் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்மினலில் தமிழ் எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரியாது. கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், வரிசை கோணலாகும். டெர்மினலுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாததால் வரும் குறை அது, ஆல்பைனின் பிழை அல்ல. கேடிஇயின் கான்சோல் டெர்மினலில் ஓரளவு நன்றாகவே வரும், அதைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். உங்கள் மெயில்களில் பொருள் வரி பெரும்பாலும் தமிழில் இருக்கும் என்றால் கிளாஸ் மெயிலுக்குப் போவதே நல்லது. அதில் தமிழ் பிசகாமல் தெரியும்.

அதோடு, பட்டியலில் சில பழைய மெயில்கள் புரியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியலாம். ஸ்பேம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், 2000த்தை ஒட்டிய வருடங்களில், நம்மவர்கள் டிஸ்கி, டாப், டாம் குறியீடுகளில்தான் தமிழில் மெயில் எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை இப்படித்தான் தெரியும். பழைய கணக்கிலிருந்து கொண்டுவந்த மெயில்கள் உங்கள் பெட்டியில் இருந்தால் இப்படிச் சில கிடைக்கலாம். அவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றி வையுங்கள். டிஸ்கியில் உள்ளதை யூனிகோடாக்க லினக்ஸோடு வரும் ஐகான்வ் கருவியே போதும். அவை வெறும் எழுத்து, இடமும் பிடிக்காது. யாரோ அன்றைக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று எழுத்துரு தேடிப் போட்டு, தட்டுத்தடுமாறித் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம் அது. இடத்துக்காக அதை இழக்க வேண்டியதில்லை.

கிளாஸ் மெயில் பற்றிச் சுருக்கமாக. இது சில்ஃபீடிலிருந்து 2001இல் கிளைத்தது. ஜன்னல், பட்டன், மவுஸ் எல்லாம் உண்டு. 2 ஜிபி ராமில் பிரவுசரோடு சேர்ந்து சுகமாக ஓடும். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாத் தலைப்புகளையும் வாங்கும், உங்கள் கணக்கில் அந்த 9 எம்பி. அளவு என்ற நெடுவரிசையின் தலையில் கிளிக் செய்தால் பெரியது மேலே வந்துவிடும். கணக்கு அமைப்பில் ஐமேப்புக்கென்று டேட்டாவைச் சிக்கனப்படுத்தும் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். குறை என்னவென்றால், ஒரு மெயிலைக் கிளிக் செய்தால் அட்டாச்மென்ட்டோடு முழுதாக இறக்கும். எனவே பெரியவற்றைத் திறக்காமல் பொருள் வரியை வைத்தே முடிவு செய்யப் பழக வேண்டும். அழகுபடுத்திய எச்டிஎம்எல் மெயில் இதில் எழுத முடியாது. படிக்கவும் தனி பிளக்இன் வேண்டும். அலுவலகக் கடிதத்துக்கு அது ஒரு குறையே அல்ல என்பது என் எண்ணம்.

எதையும் நிறுவாமலே ஒரு வழியும் உண்டு. உங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால், அதற்குள் 'ஈமெயில் டிஸ்க் யூசேஜ்' என்று ஒரு பக்கம் இருக்கும். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அது காட்டும். இந்தக் காட்சிக்காகவே முதலில் அங்கே போய்ப் பாருங்கள், எங்கே கைவைக்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் பழையது, பெரியது என்று வகைசொல்லி அங்கேயே அழிக்கவும் செய்யலாம். ஆனால் எந்த மெயில் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மொத்தமாகப் போகும். ஸ்பேம், டிராஷ் ஃபோல்டர்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். இன்பாக்ஸ், சென்ட் பக்கம் வேண்டாம்.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு நாள் ஏதாவது பிராட்பேண்ட் உள்ள இடத்தில் லேப்டாப்பை வைத்து முழுப் பெட்டியையும் நகல் எடுக்க முடிந்தால், அதைவிட நிம்மதி வேறில்லை. தண்டர்பேர்டில் லோக்கல் ஃபோல்டருக்கு நகல் எடுத்தால் போதும், அதை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். முடியாவிட்டால் பணம், வரி, வழக்கு தொடர்பான மெயில்களை மட்டுமாவது திறந்து ஃபைலை இறக்கிக்கொண்டு பிறகு கழியுங்கள். ஆல்பைனில் ஒரு அட்டாச்மென்ட்டை மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் இதற்கும் டேட்டா அதிகம் போகாது.

எல்லாம் செய்தும் மீட்டர் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐமேப்பில் 'சந்தா' செய்த ஃபோல்டரை மட்டும் காட்டும் வழக்கம் பல மென்பொருள்களில் உண்டு. உங்களுக்கு முன் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் உருவாக்கிய ஆர்க்கைவ், அல்லது ஏதோ ஒரு மொபைல் தானாகவே உருவாக்கிய 'சென்ட் மெசேஜஸ்' என்ற இரண்டாவது சென்ட் ஃபோல்டர், சந்தா இல்லாமல் மறைந்து கிடக்கலாம். சிபேனல் பக்கத்தில் தெரியும் ஃபோல்டர் பட்டியலையும் உங்கள் மென்பொருளில் தெரியும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். தண்டர்பேர்டில் கணக்கின் பெயரில் வலது கிளிக் செய்து சப்ஸ்கிரைப் என்ற இடத்தில் அதை டிக் செய்தால் வெளியே வரும். ஆர்க்கைவ் என்றால் அதில் பழைய வருடத்து மெயில்களே மொத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி $, இசட் என்று அங்கேயும் தொடங்க வேண்டியதுதான்.